‘கரண்ட் வைப்பது’ என்றால் என்ன? கதிர்வீச்சு சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள்

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் புற்றுநோய் மனுக்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஒரே வாசகத்தைப் பார்க்கிறோம்: “டாக்டர் கரண்ட் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.” அந்தச் சொல்லைக் கேட்டதுமே வீடு கலங்கிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் கரண்ட் வைப்பார்கள், வைத்தால் உடம்பு கருகிவிடும், பக்கத்தில் குழந்தைகள் போகக்கூடாது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்தப் பயத்தைப் போக்கவும், அதைவிட முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் குனியமுத்தூர் பக்கமிருந்து ஒரு சகோதரருக்காக மனு வந்தது. மார்க்கெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி, ஐம்பது வயதைக் கடந்தவர். தொண்டையில் புற்றுநோய். 35 நாள் கதிர்வீச்சு என்று மருத்துவர் எழுதியிருந்தார். ஸ்கேன் செலவையும் முதல் மாத மருந்துச் செலவையும் கொடுத்தோம். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

19ஆம் நாளோடு அவர் போவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது தெரியவே பத்து நாளாயிற்று. வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி சொன்னார்: “உடம்பெல்லாம் சூடேறிப் போச்சுங்க பாய். எச்சிலக்கூட முழுங்க முடியல. இதுக்கு மேல கரண்ட் தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுவுமில்லாம அவரு வேலைக்குப் போய் ஒன்றரை மாசமாச்சுங்க.” சூடு என்று பயந்து முட்டையும் கறியும் நிறுத்தி, இளநீரும் மோரும் மட்டும் கொடுத்திருந்தார்கள். எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. அரிசிக் கடையில் கடன் ஏறியிருந்தது.

பேசி, கூட்டிக்கொண்டு போய், 17 நாள் இடைவெளிக்குப் பிறகு மீண்டும் தொடங்கினார்கள். மீதி நாட்களை அவர் முடித்தார். ஆனால் ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பி வந்து வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இடைவெளிதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டோம். “அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயில் இடைவெளி விடக்கூடாது” என்றார். ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் ஸ்கேனுக்குப் பணம் கொடுத்த நாங்கள், “தினமும் எப்படிப் போய் வருகிறீர்கள், வீட்டில் அடுப்பு எரிகிறதா?” என்று ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

கரண்ட் அல்ல, கதிர்

முதலில் பெயரைச் சரிசெய்வோம். இந்தச் சிகிச்சையில் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. ஷாக் அடிக்காது. மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரியாதோ, அதே போலத்தான் இதுவும். எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட கதிர், நோயுள்ள இடத்தை மட்டும் குறிவைத்துச் செலுத்தப்படுகிறது.

சூட்டைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. கதிரின் அளவை ‘கிரே’ என்ற அலகால் சொல்வார்கள். ஒரு நாளைக்குப் பொதுவாக 2 கிரே தருவார்கள். இந்த அளவு கதிர் பட்ட இடத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயராது. தோல் சிவப்பதும் வாய் புண்ணாவதும் சூட்டினால் அல்ல. அங்குள்ள செல்கள் கதிரால் பாதிக்கப்படுவதால் வருபவை. எனவே சூட்டுப் பண்டம், குளிர்ச்சிப் பண்டம் என்று பிரித்து நோயாளியைப் பட்டினி போட வேண்டிய அவசியமே இல்லை.

வேலை செய்யும் விதம்

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அது எப்படி வளர வேண்டும், எப்படிப் பெருக வேண்டும் என்ற கட்டளை டி.என்.ஏ. என்ற இழையில் இருக்கிறது. கதிர் அந்த இழையை அறுக்கிறது. அறுந்த இழையோடு செல்லால் பெருக முடியாது, நாளடைவில் மடிந்துவிடும். நல்ல செல்லுக்கும் அடி விழுகிறது. ஆனால் நல்ல செல்கள் சில மணி நேரத்தில் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் மொத்தக் கதிரையும் ஒரே நாளில் தராமல், தினமும் கொஞ்சமாக, வாரத்துக்கு ஐந்து நாள் தருகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 33 முதல் 35 நாள் வரை ஆகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து 25 நாள் அளவுக்குத் தந்து, பிறகு உள்ளே கருவி வைத்துச் சில முறை தருவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இப்போது பலருக்கு மூன்று வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. எலும்புக்குப் பரவி வலியால் துடிப்பவர்களுக்கு வலி குறைய ஒரே ஒரு முறை தருவதும் உண்டு. ஆகவே ‘கரண்ட்’ என்றாலே கடைசிக் கட்டம் என்பது தவறு. முழுமையாகக் குணமாக்கவும் தருகிறார்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிச்சத்தை அழிக்கவும் தருகிறார்கள், வலியைக் குறைக்கவும் தருகிறார்கள். உங்களுக்கு எதற்காகத் தருகிறார்கள் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இந்த மருத்துவம் வந்த வழி

எக்ஸ்ரே கதிரை ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895இல் கண்டுபிடித்தார். ரேடியத்தை மேரி கியூரியும் அவர் கணவரும் 1898இல் கண்டறிந்தார்கள். நம் மாநிலத்தில் இந்த மருத்துவம் வேரூன்றியதற்கு ஒரு பெண்மணியின் துயரம் காரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை முத்துலட்சுமி மறக்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1957இல் அங்கே கனடாவிலிருந்து வந்த கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஏழைகளையும் வசதியானவர்களையும் ஒரே வரிசையில் வைத்து அந்த மருத்துவமனையை வளர்த்தார்கள்.

ஒரு காலத்தில் கொங்கு மண்டலத்தார் இதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ போய்த் தங்க வேண்டியிருந்தது. இன்று கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கதிர்வீச்சுப் பிரிவு உண்டு. ஜி.கே.என்.எம்., ஸ்ரீ ராமகிருஷ்ணா, பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். போன்ற மருத்துவமனைகளிலும், ஈரோட்டிலும், சேலம் அரசு மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்கிறது. தூரம் குறைந்துவிட்டது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஆறு ஏழு வாரம் தினமும் வந்து போவது இன்றும் சின்னக் காரியம் அல்ல.

முதல் நாளிலிருந்து என்ன நடக்கும்?

போனதுமே கதிர் கொடுக்கத் தொடங்கமாட்டார்கள். முதலில் படுக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வாய், தொண்டை, மூளை என்றால் முகம் அசையாதிருக்க ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் இளகிய வலை போன்ற பிளாஸ்டிக்கை முகத்தின் மேல் வைத்து அமுக்குவார்கள். சில நிமிடங்களில் அது முகத்தின் வடிவத்தில் இறுகிவிடும். மூச்சு விடலாம், பயம் வேண்டாம். மற்ற இடங்கள் என்றால் தோலில் மையால் குறி போடுவார்கள்.

அடுத்த சில நாட்கள் நோயாளிக்கு வேலை இல்லை. மருத்துவருக்கும் இயற்பியல் நிபுணருக்கும்தான் வேலை. நோய் எதுவரை இருக்கிறது, தண்டுவடம், கண், உமிழ்நீர்ச் சுரப்பி எங்கே இருக்கின்றன என்று படத்தில் வரைந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கணினியில் கணக்குப் போடுவார்கள். “பணம் கட்டியும் இன்னும் ஆரம்பிக்கவில்லையே” என்று கோபப்படாதீர்கள். இந்தக் கணக்குதான் சிகிச்சையின் உயிர்நாடி.

பிறகு தினமும் பத்து, பதினைந்து நிமிட வேலை. கதிர் பாய்வது சில நிமிடங்களே. அறையில் நோயாளி மட்டும் இருப்பார். வெளியே டெக்னீஷியன் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார், பேசினால் கேட்கும், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள்.

வெளியிலிருந்து கதிர் வாங்கியவரின் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்து பேரக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். கணவன் மனைவி ஒரே அறையில் தூங்கலாம். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே கருவி வைத்துத் தரும் கதிரும், கருவியை எடுத்தவுடன் முடிந்துவிடும். தைராய்டு புற்றுநோய்க்குக் குடிக்கத் தரும் கதிரியக்க அயோடின் மட்டும் வேறு வகை. அதற்குச் சில நாள் தனித்திருக்கச் சொல்வார்கள்; அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும்.

ஏன் ஒரு நாள்கூட விடக்கூடாது?

மஞ்சள் தோட்டத்தில் கோரை எடுப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாதி வயலில் எடுத்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தால், மிச்சமிருக்கும் கோரை முன்னைவிட வேகமாகப் படரும். வாய், தொண்டைப் புற்றுநோயும் அப்படித்தான். சிகிச்சை தொடங்கி மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு, பிழைத்திருக்கும் புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. வலி அதிகமாகி, நோயாளி “போதும்” என்று சொல்வதும் அதே வாரங்களில்தான்.

தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோயை அடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்பது மருத்துவ ஆய்வுகளின் கணக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் எல்லாச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. கல்யாணம், ஊர்த் திருவிழா, பஸ் ஸ்டிரைக், பெருநாள் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவி பழுதாகி ஒரு நாள் போனாலும், “இந்த நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். சனிக்கிழமை தருவதோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை தருவதோ அவர்கள் முடிவு செய்வார்கள்.

பக்கவிளைவுகள்: தாங்கும் வழி

பக்கவிளைவு கதிர் படும் இடத்தைப் பொறுத்தது. மார்பில் கதிர் வாங்குபவருக்குத் தலைமுடி கொட்டாது. வயிற்றுப் பகுதியில் வாங்குபவருக்கு வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் வரலாம். வாய், தொண்டை என்றால் புண், வறட்சி, ருசி தெரியாமை வரும். சோர்வு எல்லோருக்கும் பொது. இவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறும். வாய் வறட்சி மட்டும் நீண்ட நாள் இருக்கலாம்.

தோலுக்கு: வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். தேய்க்க வேண்டாம், துண்டால் ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பச்சிலை, பவுடர், அத்தர் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கதிர் படும் இடத்தில் பூசாதீர்கள். தளர்வான பருத்தி ஆடை போடுங்கள். கழுத்தில் கதிர் வாங்கும் சகோதரிகள் சிந்தெடிக் துணிக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளலாம். ஊசி குத்தி இறுக்க வேண்டாம்.

வாய்க்கு: ஒரு லிட்டர் ஆறவைத்த நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, பல முறை கொப்பளித்துத் துப்புங்கள். மிஸ்வாக் குச்சி புண்ணைக் கீறும். அந்த வாரங்களில் மிருதுவான பிரஷ் போதும். சொத்தைப் பல் இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தாடையில் கதிர் வாங்கியவர், எத்தனை ஆண்டு ஆனாலும் கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது. தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

உணவுக்கு: எடை குறையவே கூடாது. எடை குறைந்தால் முகமூடி தளர்ந்து, குறி தவறி, மறுபடியும் ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட வேண்டி வரும். நோன்புக் கஞ்சி இந்த நோயாளிக்கு நல்ல உணவு. மிளகாயும் மசாலாவும் இல்லாமல், கொத்துக்கறியை நன்றாக வேகவைத்துச் சேர்த்து, ஆறவைத்துக் கொடுங்கள். நம் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய வேகவைத்து நெய் விட்டுத் தரலாம். முட்டை, பால், ராகிக் கூழ் எல்லாம் கொடுக்கலாம். விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைக்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள், அது சில வாரத்துக்குத்தான்.

புகையிலை, பீடி, பான்மசாலா அன்றே நிற்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் புகைத்தால் கதிரின் பலன் குறையும். நாட்டு மருந்து, லேகியம் எதையும் மருத்துவரிடம் மறைத்துச் சாப்பிடாதீர்கள்.

காய்ச்சல், இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், தண்ணீர்கூட இறங்காத நிலை இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இபாதத் தொடர்பான கேள்விகள்

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானது அல்ல. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் நம் பலம். ஆனால் அவற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

ரமளானில் சிகிச்சை நடந்தால், நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. நீர் குடிக்காமல், எடை குறைந்து சிகிச்சை கெடுவதைவிட, அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதே நலம். பிறகு களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளூவும் குளிப்பும் செய்யும்போது தோலில் போட்ட குறியைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். தோல் உரிந்து நீர் படக்கூடாத நிலை வந்தால் தயம்மும் பற்றி உங்கள் மத்ஹபின்படி ஆலிமிடம் கேளுங்கள். ஜும்ஆ நேரத்தில் முறை வந்தால் நேரத்தை மாற்றித் தரக் கேட்கலாம். முடியாவிட்டால் சிகிச்சையை விடாமல், லுஹர் தொழுதுகொள்ளுங்கள்.

சகோதரிகள் பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முதல் நாளே கேட்கலாம். சிகிச்சைக்குத் தேவையான இடம் மட்டுமே திறக்கப்படும். மாதவிடாய், கர்ப்பம், குழந்தைப்பேறு, தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை வெட்கப்பட்டு விழுங்கிவிடாமல், சிகிச்சைக்கு முன்பே பெண் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

செலவுக்கு வழி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இத்திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. நோய் வந்தபின் அலையாமல், எல்லோரும் இப்போதே பதிவு செய்து வைப்பது நல்லது. ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் காசு, சாப்பாடு, போன கூலி இவை மிஞ்சுகின்றன. அந்தச் சகோதரர் நின்றுபோனது அங்கேதான். அதனால் இப்போது கதிர்வீச்சு மனு வந்தால் நாங்கள் ஐந்து கேள்விகள் கேட்கிறோம். எத்தனை நாள் சிகிச்சை? எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? தினமும் துணைக்கு வருவது யார்? பிள்ளைகளுக்குச் சமைப்பது யார்? இந்த இரண்டு மாதம் வீட்டுக்கு வருமானம் எது? பிறகு பஸ் கட்டணத்தையும் அரிசி மளிகையையும் வாரம் ஒருமுறை கொடுக்கிறோம். நாட்களைக் குறித்த ஓர் அட்டை கொடுத்து, ஒவ்வொரு மாலையும் தொண்டர் ஒருவர் போன் செய்து “இன்று ஆயிற்றா?” என்று கேட்கிறார். பெண் நோயாளிக்குப் பெண் தொண்டர் பேசுகிறார்.

காரமடைப் பக்கத்து அம்மா ஒருவர் அந்த அட்டையில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார், அல்ஹம்து லில்லாஹ். நான்காம் வாரத்தில் அவரும் “போதும்” என்றார். அன்று மாலை போன் செய்த சகோதரி மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அவரோடு ஏறிவிட்டார். இன்று அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு மட்டும் வந்து போகிறார்.

உங்கள் மஹல்லாவில் யாருக்காவது கதிர்வீச்சு என்று தெரிந்தால், நலம் விசாரித்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். ஒரு நாள் பைக்கில் கூட்டிப் போங்கள். ஒரு வேளை கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். ஏழை நோயாளி ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் என்பதை நினைவில் வையுங்கள். நாள் எண்ணிக்கையைக் கேளுங்கள். நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக! வஃபாத்தான நம் சகோதரரின் மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக! ஆமீன்.